வேலியை மேயும் குதிரை

வேலியே பயிரை மேய்வது என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. காவலுக்கு நிறுத்தப்பட்டவனே களவாடும்போது அதனைச் சொல்லிப் பெருமூச்செறிகின்றோம். ஆயின், மேய்ச்சலுக்கு விடப்பட்ட பிராணி புல்லை விட்டு வேலியை மேய்வதும் உலகில் உண்டு. அப்பிராணி குதிரையாகும். வேலைக்குறைவினாலோ, தனிமையினாலோ, நார்த்தீன் போதாமையினாலோ, அது வேலிக் கட்டையைப் பல்லாற் கறண்டத் தொடங்கிவிடும். நாளடைவில் அது வழக்கமாகிக் கட்டை இடை மெலிந்து நிற்கும். எனவே குதிரைப் பண்ணைக்காரர் ஒருவர் மரம் தெரிவு செய்யும்போது, 'இது எத்தனை ஆண்டு நிற்கும்?' என்று கேட்பதோடு, 'இதனைத் தின்றால் என்னாகும்?' என்றும் கேட்டாக வேண்டும்.

'குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் குதிரையைக் கண்டது படத்திலன்றோ?' என வாசகர் வினவலாம். நெடுந்தீவுக்கு ஒருமுறையேனும் படகேறியவர்கள் அவ்வாறு வினவார். அஃது ஒருபுறமிருக்க, குதிரை வளர்க்கும் நாட்டார் வேலிமரத்தைப் பற்றி இரண்டு நூற்றாண்டுகளாகப் பட்டறிந்தவை, கால் பரப்புக் காணி வைத்திருப்பவருக்கும் பயன்படத்தக்கவை. ஆதலால் இவ்வாரம் வாசகரை அமெரிக்க நாட்டுப் புல்வெளிகளுக்குச் சற்றே அழைத்துச் செல்வோம்.

முதலிற் குதிரையின் இயல்பை அறிதல் வேண்டும். மாடு வேலியைக் கண்டால் முட்டிப் பார்க்கும். ஆடு சந்து தேடும். குதிரையோ ஓடிப் பிழைக்கும் சாதி. இதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலால், ஏறக்குறைய 350 பாகை சுற்றளவு இதன் பார்வைக்குள் அடங்கும். ஆயினும் நெற்றிக்கு நேர்முன்னே ஒரு சிறு குருட்டிடம் உண்டு. இடி முழங்கினாலும், நாய் குரைத்தாலும், ஒரு கடுதாசி காற்றிற் பறந்தாலுங்கூட மருண்டு நாலுகாற் பாய்ச்சலில் ஓடும் பிராணி, எதிரே நிற்கும் மெல்லிய கம்பியைக் காணாது அதன்மேற் பாய்ந்துவிடும். தோலோ மெல்லியது, காலோ எலும்பும் நரம்புமாகவே அமைந்தது. ஆகவே முட்கம்பி குதிரைக்கு ஆகாது. கண்ணுக்குப் புலப்படும் பலகை வேலியே அதற்குத் தக்கது. நாலரை முதல் ஐந்து அடி உயரமும், ஏறக்குறைய எட்டடிக்கு ஒரு கட்டையும், நிலத்தினுள் இரண்டரை அல்லது மூன்றடி ஆழமும் இருத்தல் வேண்டுமென்பது பொதுவிதி. பலகையைக் கட்டையின் வெளிப்புறத்தில் அன்றி, குதிரை நிற்கும் உட்புறத்திலேயே அறைவர். குதிரை உடம்பைச் சாய்த்து உரோஞ்சும்போது பலகை ஆணியோடு பெயர்ந்து விழாமல், கட்டையின்மேல் அழுந்தி நிற்கும் பொருட்டே இவ்வாறு செய்கின்றனர். எத்துணைச் சிறிய காரியம்! எனினும் இதனை மறந்தவர் வேலி ஒரு மாரிக்கும் தாங்குவதில்லை.

இனி, மரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள பெரும்புல்வெளிகளிற் குடியேறியவர்களுக்கு மண் வளமாயிருந்தது, மரமோ அரிதாயிருந்தது. வேலி இல்லாவிடத்துப் பயிருக்குக் காப்பில்லை. காப்பில்லாவிடத்துக் குடிநெருக்கம் இல்லை. இலினோய் மாகாணத்து ஜாக்சன்வில் நகரிலே ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தார். ஜொனதன் போல்ட்வின் டேனர் என்பது அவர் பெயர். குடிகள் சிதறிக் கிடக்கும் நாட்டிற் பள்ளிக்கூடம் நடத்த இயலாது. குடிகள் நெருங்கி வாழ வேண்டுமாயின் மலிவான வேலி வேண்டும் என்று அவர் சிந்தித்தார். கல்வியின் பொருட்டு வேலியை ஆராய்ந்தவர் அவர். பல செடிகளை நட்டுப் பார்த்து, 1840களில் அவர் தேர்ந்தெடுத்துப் பரப்பியது 'ஓசேஜ்த் தோடை' என்னும் முள்மரம். அதனை நெருக்கமாக நட்டுக் கத்தரித்து வளர்த்தால், குதிரை தாண்டாத உயரமும், எருது உடைக்காத வலிமையும், பன்றி நுழையாத நெருக்கமும் உடைய உயிர்வேலி கிடைக்கும் என்று அந்நாட்டுக் கமக்காரர் சொல்வது வழக்கம். ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இந்த டேனரின் கதை தனி மகிழ்ச்சி தருவதொன்றாகும்.

1874ஆம் ஆண்டில், அதே இலினோய் மாகாணத்து யோசேப் கிளிடன் என்பார் முட்கம்பிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அதன்பின் உயிர்வேலியின் காலம் படிப்படியாக முடிந்தது. ஆனால் ஓசேஜ்த் தோடையின் பணி முடியவில்லை. வளர்ந்து நின்ற வேலிமரங்களைத் தறித்துக் கட்டைகளாக்கி, அவற்றிலேயே புதிய கம்பியை இழுத்துக் கட்டினர். உயிரோடிருக்கையில் வேலியாயிருந்த மரம், இறந்த பின்னும் வேலியைத் தாங்கிற்று.

பெயரிலே தோடை இருப்பினும் இம்மரம் நம் தோடைக்கு உறவன்று, பலாவுக்கே உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பலாமரத்தின் வைரம் மஞ்சள் நிறமாயிருத்தலை நாம் அறிவோம். அதன் சீவல்களை அவித்துப் பௌத்த துறவிகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றினர் என்பதும் அறிந்ததே. ஓசேஜ்த் தோடையின் வைரமும் அவ்வாறே மஞ்சள். அதிலிருந்தும் சாயம் எடுத்தனர். நிறம் தரும் அப்பொருள்களோடு சேர்ந்துள்ள சில சத்துக்களே மரத்தைப் பங்கசுகளிலிருந்து காக்கின்றன.

ஈண்டு ஓர் அடிப்படை உண்மையை விளக்குதல் அவசியம். எம்மரமாயினும் அதன் வெளிவட்டம் வெளிறு, உள்வட்டம் வைரம். வெளிறு, மரம் உயிரோடிருக்கும்போது நீரை மேலேற்றும் பாகம். அதிற் பங்கசுகளுக்கு வேண்டிய உணவு நிறைந்திருக்கும். வைரமோ நீரேற்றும் தொழிலை விட்ட பகுதி. மரம் தான் ஆக்கிய கசப்பும் நஞ்சுமான பொருள்களை அங்கே சேமித்து வைக்கின்றது. தொல்காப்பியர் மரபியலிலே, அகத்தே வைரம் உடையவற்றை மரம் எனவும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் எனவும் வகுத்தார். அவ்வகையில் நம் பனையும் தென்னையும் புல்லினத்தவை. அவற்றின் வைரம் புறத்தே இருக்க, நடுவே சோறு இருக்கும். வளை, தீராந்தி அறுப்பவர்கள் பனையின் புறப்பகுதியைத் தேடுவதும், வேம்பு, பாலை அறுப்பவர்கள் உட்பகுதியைத் தேடுவதும் இதனாலேயே. பண்டைத் தமிழர் செய்த அந்தப் பாகுபாட்டை ஒரு தச்சன் இன்றும் உளியாற் சரிபார்க்கலாம்.

ஆகவே, 'எந்த மரம் உழுக்காது?' என்று கேட்பதிலும், 'இந்தக் கட்டையில் வைரம் எவ்வளவு?' என்று கேட்பதே பொருத்தமானது. ஓசேஜ்த் தோடையாயினும், 'கறுப்பு லோக்கஸ்ட்' என்னும் அவரையினத்து மரமாயினும், இளங்கட்டையின் வெளிறு சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். முதிர்மரத்தைப் பிளந்தெடுத்த, பெரும்பாலும் வைரமாயுள்ள கட்டையே நெடுங்காலம் நிற்கும்.

கட்டை எவ்விடத்தில் உழுக்கின்றது என்பதையும் கவனித்தல் வேண்டும். உச்சியில் அன்று, அடிநுனியிலும் அன்று, நிலமட்டத்தையொட்டிய ஒரு சாணளவிலேயே உழுத்தல் தொடங்குகின்றது. பங்கசுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நிலத்துக்கு மேலே காற்றுண்டு, ஈரம் நிலைப்பதில்லை. ஆழத்தில் ஈரமுண்டு, காற்றுக் குறைவு. இரண்டும் கூடுமிடம் நிலமட்டமே. ஆகையால் அவ்விடத்தில் நீர் தேங்காதபடி பருக்கைக்கல் இட்டு இடித்து, மண்ணைக் கட்டையின் அடியிலிருந்து வெளிச்சாய்வாக அணைத்துவிடுவது நன்று. கட்டையைச் சுற்றிச் சீமெந்தைக் கிண்ணம்போல இட்டு அதனுள் மழைநீரைத் தேக்குவது கட்டைக்குத் தீங்கு செய்வதாகும். அடியைத் தீயிற் கருக்கி நடுவது நம் ஊரிலும் பிற ஊர்களிலும் உள்ள பழைய வழக்கம். ஆயின் அமெரிக்க வனத்துறையினர் சோதித்துப் பார்த்தபோது, கருக்குதல் மாத்திரம் பெரும்பயன் தருவதாகக் காணப்படவில்லை. கரிந்த மேற்படை வெடிக்கும்போது, அவ்வெடிப்பின் வழியே ஈரம் உட்சென்றுவிடுகின்றது.

இவ்வகை ஆராய்ச்சியைப் பொறுமையோடு செய்த இடம் ஒன்றுண்டு. ஒரிகன் மாகாணத்துக் கொர்வாலிஸ் நகருக்கு அண்மையில், 1927ஆம் ஆண்டில், ரி. ஜே. ஸ்டாக்கர் என்னும் வனவியற் பேராசிரியர் ஒரு 'கட்டைப் பண்ணையை' ஆரம்பித்தார். பயிருக்குப் பதிலாக அங்கே வேலிக்கட்டைகள் வரிசை வரிசையாக நடப்பட்டன. காலந்தோறும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பர். முறிந்தால் அதன் ஆயுளைக் குறித்துக்கொள்வர். தொடங்கியவர் காலம் கழிந்த பின்னும் பின்வந்தோர் அந்த ஏட்டைத் தொடர்ந்து எழுதினர். மென்மையான சில மரங்கள் நாலைந்து ஆண்டுகளுக்குள் முறிந்தன. ஓசேஜ்த் தோடைக் கட்டைகளோ அரை நூற்றாண்டு கடந்தும் மருந்து பூசாமலே நின்றன. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன் என்ற வகையில் அமைந்த அந்த ஆராய்ச்சியை நாம் எண்ணி எண்ணி வியப்பதுண்டு.

நீடித்து நிற்கும் மரம் கிடைத்துவிட்டது; காரியம் முடிந்தது என்று எண்ணுவதற்கில்லை. முன்னே கூறிய இரண்டாவது கேள்வி இனித்தான் வருகின்றது. கறுப்பு லோக்கஸ்ட் மரம் உழுக்காமைக்குப் பேர்போனது. மரக்கலங்களின் பலகைகளைப் பிணைக்கும் ஆப்புகளும் அதிலிருந்து செய்யப்பட்டன. ஆனால் அதன் பட்டையும் இலையும் விதையும் குதிரைக்கு நஞ்சு. பட்டையோடு நட்ட கட்டையைக் கறண்டிய குதிரை வயிற்றுவலியும் தளர்ச்சியும் கொண்டு வீழ்வதுண்டு. குதிரையின் உடலமைப்பு வாந்தி எடுக்க இடந்தராது, உட்சென்றது உட்சென்றதே. ஆகையால் அக்கட்டையைப் பட்டை முற்றாக உரித்த பின்னரே நட வேண்டும். அம்மரத்தை மேய்ச்சல் நிலத்தில் உயிரோடு வளர விடுதலும் ஆகாது. கறுப்பு வால்நட் என்னும் மரமோ வேறுவகையில் தீங்கு செய்யும். அதன் சீவலைத் தொழுவத்திற் பரப்பினால், அதன்மேல் நிற்கும் குதிரையின் குளம்பின் உட்பாகம் அழன்று, நடக்கவியலாது போகும். செம்மேப்பிள் மரத்தின் வாடிய இலையைத் தின்ற குதிரையின் குருதிக் கலங்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து உண்டாகும். மனிதருக்கு அழகான தளவாடம் தரும் மரம், மேசையாய் நிற்கும் வரையில் நல்லது. குதிரையின் பக்கத்தே வரும்போது அதன் குணம் வேறாகிவிடுகின்றது.

இயற்கையில் வைரமில்லாத மலிவான மரத்துக்குச் செயற்கையாய் வைரம் ஏற்றும் வித்தையும் உண்டு. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட்டு எண்ணெயை அழுத்தத்தின் மூலம் மரத்தினுள் ஏற்றும் முறைக்கு, 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் பெத்தல் என்பார் உரிமை பெற்றார். பின்னர் 1933ஆம் ஆண்டில், இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில், சொந்தி காமேசம் என்னும் இந்திய விஞ்ஞானி, செம்பும் குரோமியமும் ஆசனிக்குப் பாஷாணமும் சேர்ந்த ஒரு கரைசலைக் கண்டுபிடித்தார. மரத்தினுள் ஏறியபின் எளிதிற் கழுவுண்டு போகாத அம்மருந்து, உலகெங்கும் பரவிற்று. அமெரிக்கக் குதிரைப் பண்ணைகளிலே பச்சைச் சாயல் படர்ந்து நின்ற கட்டைகள் பல அவர் கண்டுபிடிப்பின் வழிவந்தவையே.

இவ்விடத்தில் முன்னே கூறிய விதி தலைகீழாகின்றது. மருந்து ஏற்றாத கட்டையில் வைரம் வேண்டும். மருந்து ஏற்றும் கட்டையிலோ வெளிறு வேண்டும். நீரேற்றிப் பழகிய வெளிறு மருந்தையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும், வைரம் உறிஞ்சாது. எனவே அவ்வகையிற் சதுரமாக அறுத்த கட்டையினும், வெளிறு வட்டம் குலையாத உருண்டைக் கட்டையே மேலானது. நட்ட பின் அதன் அடியைச் சீவுதலும் வெட்டுதலும் கூடா. ஆயினும் ஆசனிக்கு ஆசனிக்கே. மக்கள் புழங்கும் வீட்டு முற்றங்களுக்கும் சிறுவர் விளையாடுமிடங்களுக்கும் அம்மருந்தேற்றிய மரத்தைச் செய்து விற்பதை அமெரிக்க உற்பத்தியாளர் 2003ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திக்கொண்டனர். அத்தகைய மரத்துண்டுகளை விறகாக எரித்தலாகாது என்பதை இல்லத்தரசிகள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். எரித்தபின் பாஷாணம் சாம்பலிலே தங்கும். அச்சாம்பலை நக்கும் மாட்டுக்கும், அதனாற் பாத்திரம் துலக்கும் கைக்கும் அது தீது. இறக்குமதிப் பெட்டிப் பலகைகளையும் பழைய கம்பங்களையும் அடுப்பிலிடுமுன் அவை எங்கிருந்து வந்தவை என்று ஒருமுறை சிந்தித்தல் நல்லது.

மரத்தைப் பற்றி இவ்வளவு கவலையும் வேண்டாமென்று கல்லை நாடியவர்களும் உளர். கென்டக்கி மாகாணத்திலே, லெக்சிங்டன் நகரைச் சூழ்ந்த குதிரை நாட்டில், சுண்ணக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய பழைய மதில்களை இன்றும் காணலாம். அயர்லாந்திலிருந்து வந்த கற்றச்சரும், அக்காலத்தில் அடிமைப்பட்டிருந்த ஆபிரிக்க மக்களும் அவற்றைக் கட்டினர். நம் நெடுந்தீவிலும் இதே காட்சி உண்டு. அங்கே முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் வளவுகளைப் பிரிக்கின்றன. அவற்றுக்கப்பால், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக் குதிரைகளாய்த் திரிகின்றன. இரண்டு நாட்டாரும் ஒருவரையொருவர் கண்டு கற்றவரல்லர். காலடியிற் கிடந்ததை இருசாராரும் எடுத்துப் பயன்படுத்தினர். தூரதேசத்து மரத்துக்குப் பணஞ் செலவிடுமுன் தன் மண்ணிற் கிடைப்பதைப் பார்ப்பதே வேலிக்கலையின் முதற்பாடம் போலும்.

குடாநாட்டில் நாம் கண்ட வழி கதியால். கிளுவை, பூவரசு, முள்முருங்கை, சீமைக்கிளுவை முதலியவற்றின் கொம்புகளை மாரிக்காலத்தில் நட்டால் அவை வேரூன்றித் தளிர்க்கும். உழுத்தலைப் பற்றிய பயம் அங்கே இல்லை. உயிருள்ள மரம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். வேலிக்கு வேலி, ஆட்டுக்குக் குழை, வயலுக்குப் பசளை. ஆயினும் நம் நாட்டிலும் குதிரைக்காரன் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சீமைக்கிளுவையின் தாவரவியற் பெயராகிய 'கிளிரிசிடியா' என்பதற்கே எலிகொல்லி என்று பொருள். அசைபோடும் ஆடும் மாடும் அதனைத் தின்று செரிக்கும். அசைபோடாத குதிரைக்கு அது தகாது.

கணக்குப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து ஆண்டில் உழுக்கும் கட்டைக்கும் நாற்பது ஆண்டு நிற்கும் கட்டைக்கும் தோண்டும் குழி ஒன்றே, கூலியும் ஒன்றே. முதலாவதை வாங்கியவன் நாற்பது ஆண்டில் எட்டு முறை தோண்டுகிறான். கட்டையின் விலையை மாத்திரம் ஒப்பிட்டு மலிவென்று எண்ணுபவன் கூலியைக் கணக்கில் எழுத மறந்துவிடுகிறான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த மக்களுக்கு அவர்கள் காணிகள் போர் முடிந்தபின் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டு வந்தோர் பலர் தம் வளவின் எல்லையைத் தேடி நின்றனர். கிடுகு இல்லை, மட்டை இல்லை, நட்ட உயிரற்ற கம்பங்கள் இல்லை. வேலிநிரையில் மரமாகிவிட்ட பழைய கதியால்களும், எல்லையில் நின்ற பனையும், கிணற்றுக்கட்டுமே சாட்சி சொல்ல எஞ்சியிருந்தன. ஒரு கதியால் இப்பால் வந்தது அப்பால் போனது என்று நீதிமன்றப் படியேறிய ஊர் நம்முடையது. அக்கதியாலே, வழக்காடிய இருவர் பிள்ளைகளுக்கும் வழிகாட்டியாய் நின்றதைக் காலத்தின் திருவிளையாடல் என்னாமல் வேறென்ன சொல்வது?

வேலி என்பது இன்றைக்கு மாத்திரம் உரியதன்று. நாம் நடும் கட்டை, நாம் அறியாத ஒருவர் கையிலும், வாய்பேசாத ஒரு பிராணியின் வாயிலும் ஒருநாள் அகப்படும். ஆதலால் மரம் தெரிபவர் மூன்று வினாக்களை மனத்திற் கொள்வாராக: வைரம் எவ்வளவு? அதனைத் தீண்டுவோர்க்குத் தீங்குண்டா? நமக்குப் பின் வருபவர்க்கு அது பயன்படுமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்த மரத்தை நட்டவர், வரும் மாரியில் நிம்மதியாக உறங்கலாம்.